வசனத்துக்கு முன்னே வந்த சிரிப்பு: நிற நகைச்சுவை குறித்த ஒரு திரையிடல் விவாதத்தின் நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் ஓர் ஊர். நூலகத்து மாடியறை. சித்திரைக் கடைசி. தாளடி அறுத்து, உளுந்தும் எடுத்து முடிந்து, மேட்டூர் திறப்புக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிற காலம். டெல்டாவில் ஆள் சேர்க்க இதுதான் தோது. ஜூன் 12 தாண்டிவிட்டால் நாற்றங்கால், முறைத்தண்ணீர் என்று ஓடுகிற ஆளை மாலை ஐந்து மணிக்கு நாற்காலியில் உட்கார வைக்க முடியாது.

அந்த மாடியறையில் நகைச்சுவைக் காட்சிகள் சிலவற்றைப் போட்டுப் பார்த்துவிட்டு அவற்றைப் பற்றிப் பேசினார்கள். முப்பது பேருக்குச் சற்றுக் கூடுதல். அறிவிப்புத் தாளில் இருந்த கேள்வி: "சினிமா நகைச்சுவையில் நிறமும் இனமும்: புண்படுத்துகிறதா, இல்லையா?" மூன்று மணி நேரம் நடந்தது. அதில் பாதிக்கு மேல் வீண். எது ஏன் வீணானது, எது எதனால் உருப்பட்டது என்பதுதான் இங்கே விஷயம். ஊர்ப்பெயர், ஆட்பெயரை விட்டுவிடுகிறோம். படப்பெயர் மட்டும் இருக்கும்.

முதல் தவறு அறிவிப்புத் தாளிலேயே இருந்தது. "புண்படுத்துகிறதா, இல்லையா" என்று கேட்டால் நம் ஊரில் அது பட்டிமன்றம் ஆகிவிடும். தை பிறந்தால் கோயில் வாசலிலும் தொலைக்காட்சியிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. ஆளுக்கு ஓர் அணியைப் பிடித்துக்கொள்வார்கள். பட்டிமன்றத்தில் அணித்தலைவரின் வேலை ஜெயிப்பது. நடுவில் மனசு மாறினால் சொல்ல வழியில்லை. "நான் சிரிச்சேன், சிரிச்சது எனக்கே பிடிக்கல" என்கிற ஒரு வாக்கியம்தான் இந்த மாதிரி விவாதத்தில் கிடைக்கக்கூடிய ஆக மதிப்பான பொருள். அணி பிரித்த கூடத்தில் அது யார் வாயிலிருந்தும் வராது.

எடுத்த காட்சிகள்

முதல் காட்சி ஊரறிந்தது. 2007-இல் ஷங்கர் இயக்கத்தில், ஏவி.எம். தயாரிப்பில் வந்த 'சிவாஜி'. நாயகனுக்குப் பெண் தேடுகிற பகுதியில் பட்டிமன்ற நடுவர் சாலமன் பாப்பையா ஏற்ற பாத்திரம் தன் இரண்டு பெண்களையும் முன்னிறுத்துவார். பெண்களின் பெயர் அங்கவை, சங்கவை. இருவர் முகத்திலும் அடர்ந்த கறுப்புப் பூச்சு. ரஜினியும் விவேக்கும் மிரள்வார்கள். நகைச்சுவை அவ்வளவுதான்.

இந்தப் படத்தை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதே படத்தில் நிறத்தை வைத்து இன்னொரு நகைச்சுவையும் ஓடுகிறது. நாயகன் கறுப்பு என்பது நாயகி வாயிலிருந்து ஒரு தடையாக வரும். உடனே அவர் வெளுப்பதற்கு என்னென்னவோ வைத்தியம் செய்துகொள்வார். கடைசியில் ஒரு பாடலில் வெள்ளைக்காரத் தோலோடு ஆடுவார். அந்தப் படத்தின் வரைகலைக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆக ஒரே படம், ஒரே நிறம், இரண்டு நகைச்சுவை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான சோதனைக்களம் கிடைப்பது கஷ்டம். வேறு வேறு படத்திலிருந்து எடுத்தால் "அந்த டைரக்டர் வேற, இந்தக் காலம் வேற" என்று பேச்சு ஓடிவிடும்.

இரண்டாவது, 1968-இல் வந்த இந்திப் படம் 'படோசன்'. அதில் மெஹ்மூத் ஏற்ற பாட்டு வாத்தியார் தெற்கத்திக்காரர். பெயர் மாஸ்டர் பிள்ளை. குடுமி, வேட்டி, நெற்றியில் பட்டை, உடைந்த இந்தி. பாட்டுப் போட்டியில் தோற்பார். மூன்றாவது, 2019 ஜூலையில் சிங்கப்பூரில் வந்த மின்பணப் பரிவர்த்தனை விளம்பரம். ஒரே சீன நடிகர் நான்கு வேடம் போட்டார். அதில் ஒன்று இந்தியர். தோலைக் கறுப்பாக்கி, 'முத்துசாமி' என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தார்கள். நான்காவது, வடநாட்டுத் தொழிலாளியைக் கேலி செய்கிற ஒரு சமீபத்திய தமிழ்க் காட்சி. அதன் பெயர் தேவையில்லை. பான்பராக், பானிபூரி, "அரே பையா" மூன்றும் சேர்ந்தால் எந்தப் படமும் அதுவே.

வரிசை முக்கியம். சிலர் 'நம்மை அவர்கள் கேலி செய்த' காட்சியை முதலில் போடுவார்கள், மனசை இளக்கிவிடலாம் என்று. அது பலிக்காது. முதல் காட்சியிலேயே உஷாராகிவிட்ட ஆள் அடுத்த காட்சிக்குச் சிரிக்க மாட்டார். கையில் ஒன்றும் சிக்காது. நம் படம் முதலில், மனசு திறந்து சிரிக்கிற சிரிப்பு முதலில். அதைக் குறித்து வைத்துக்கொண்டுதான் மற்றது.

காட்சியை வெட்டுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கேலி வருகிற அரை நிமிடத்தை மட்டும் வெட்டிப் போட்டால் எந்தக் காட்சியும் கொடூரமாகத்தான் தெரியும். கேலிக்கு முன்னால் இரண்டு நிமிடம், பின்னால் இரண்டு நிமிடம் விட்டு வெட்ட வேண்டும். பின்னால் உள்ள இரண்டு நிமிடம்தான் உயிர். கேலிக்கு ஆளானவர் அதற்குப் பிறகு படத்தில் என்ன ஆகிறார் என்பது அங்கேதான் தெரியும்.

கூடம்

மாடியறையில் நாலு மின்விசிறி. சித்திரை வெக்கையில் அதை நிறுத்த முடியாது, ஓட்டினால் வசனம் கேட்காது. கணினியின் சொந்த ஒலிபெருக்கியை நம்பியதால் முதல் காட்சியின் முதல் நிமிடம் யாருக்கும் புரியவில்லை. திரும்பப் போட வேண்டியதாயிற்று. நகைச்சுவையைத் திரும்பப் போடுவது பாலைத் திரும்பக் காய்ச்சுவது மாதிரி. ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

முப்பது பேருக்கு மைக் வேண்டாம். மைக் இருந்தால் அது நாலு பேர் கையிலேயே சுற்றும். அந்த நாலு பேரும் எல்லாக் கூட்டத்திலும் பேசுகிற அதே நாலு பேர். நாற்காலியை வட்டமாகப் போட்டால் திரை மறைக்கும், வரிசையாகப் போட்டால் பேச்சு வராது. பார்க்கும்போது வரிசை, பேசும்போது வட்டம் என்று இடையில் ஐந்து நிமிடம் ஒதுக்கிவிட்டார்கள். சுண்டலும் டீயும் அந்த இடைவெளியில் வந்தன. நல்ல ஏற்பாடு.

ஆளுக்கொரு சீட்டும் பென்சிலும் தரப்பட்டன. சீட்டில் இரண்டே வரி: எங்கே சிரித்தீர்கள்? எங்கே சிரிப்பு நின்றது? பெயர் எழுத வேண்டாம். இதைப் பேச்சு தொடங்குவதற்கு முன்னாலேயே வாங்கிவிட வேண்டும். பத்து நிமிடம் விவாதம் ஓடிவிட்டால் எல்லாருக்கும் ஞாபகம் மாறிவிடும்; யாருமே சிரிக்கவில்லை என்று ஆகிவிடும்.

இதற்கு மேல் ஒரு காரியம் செய்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இருவரைக் கூட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் உட்கார வைத்து, காட்சியைப் பத்துப் பத்து விநாடிக் கட்டங்களாகப் பிரித்த தாளைக் கொடுத்தார்கள். யாரும் சிரிக்காவிட்டால் 0, அங்கங்கே சிரித்தால் 1, கூடமே சிரித்தால் 2. இருவரும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும், ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. செலவு இரண்டு தாள். அன்றைக்கு நடந்ததில் உருப்படியான பாதி இந்தத் தாளிலிருந்துதான் வந்தது.

தாள் என்ன சொன்னது

அங்கவை, சங்கவை காட்சியில் இரண்டு தாளிலும் முதல் '2' ஒரே கட்டத்தில் விழுந்திருந்தது: பெண்களின் முகம் திரைக்கு வருகிற கட்டம். அப்போது நகைச்சுவை வசனம் இன்னும் வரவில்லை. பின்னால் வந்த வசனங்களுக்கு '1', நடுவில் ஓரிரு '2'. ஆள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே கூடம் சிரித்துவிட்டது.

இதை ஏன் பெரிதாகச் சொல்ல வேண்டும்? வசனத்துக்குச் சிரித்தால் சிரிப்பு சொல்லில் இருக்கிறது. எழுதியவரின் சாமர்த்தியம் அது. முகத்துக்கே சிரித்தால் சிரிக்க வேண்டிய சரக்கு ஏற்கெனவே பார்ப்பவர் தலைக்குள் இருக்கிறது. கறுத்த பெண் மாப்பிள்ளை தேடுவதே வேடிக்கை என்று முன்கூட்டி நம்பினால் மட்டுமே அந்தக் கட்டத்தில் '2' விழும். படம் அந்த நம்பிக்கையை உண்டாக்கவில்லை. அதன் மேல் ஏறி உட்கார்ந்து காசு பார்த்தது.

இதைச் சரிபார்க்க எளிய வழி, ஒலியை அடைத்து இருபது விநாடி ஓட்டிப் பார்ப்பது. அப்போதும் சிரிப்பு வந்தால் கேலி உடம்பின் மேல். அடுத்து படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்பது. அப்போதும் வந்தால் கேலி சொல்லில். அன்று இரண்டையும் செய்தார்கள். ஒலி இல்லாதபோது சிரிப்பு குறைந்தது, ஆனால் வந்தது. ஒலி மட்டும் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. ஒரு குறை உண்டு: ஏற்கெனவே ஒருமுறை பார்த்த கூட்டத்திடம் செய்தார்கள், அதனால் சிரிப்பு எப்படியும் தணிந்திருக்கும். ஒழுங்காகச் செய்வதென்றால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கீழே அனுப்பிவிட்டு, இன்னொரு பாதிக்கு முதலில் ஊமைப்படம் காட்ட வேண்டும்.

படத்தை மறைத்தபோது இன்னொன்று நடந்தது. இருட்டில் அந்த இரண்டு பெயர்கள் மட்டும் தனியாகக் கேட்டன. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். "இந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு தெரியுமாப்பா?" என்றார். பாரி மகளிரின் பெயர். சங்கப் பாட்டில் பெயர் இல்லை, பிற்கால மரபு அவர்களுக்கு இட்ட பெயர் இது. பறம்பும் போய், தகப்பனும் போனபின் ஒரு நிலா இரவில் அவர்கள் பாடியதாகப் புறநானூற்றின் 112-ஆம் பாட்டு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்காத பிள்ளை குறைவு. ஆசிரியை அதோடு விடவில்லை. 200 முதல் 202 வரையுள்ள பாட்டுகளை எடுத்தார். கபிலர் அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய், இவர்களை மணந்துகொள் என்று கேட்கிறார். இருவருமே ஏற்கவில்லை.

இது அந்தக் காட்சியை ஒரு படி ஆழமாகத் திறந்தது. தட்டிக் கழிக்கப்பட்ட பெண்கள் என்கிற பழைய துக்கத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு, அதன் மேல் கறுப்பு மை பூசி, தட்டிக் கழிப்பதையே சிரிப்பாக்கியிருக்கிறது. எழுதியவர்கள் இதை அறிந்து செய்தார்களா, ஒலிநயத்துக்காக வைத்தார்களா என்று இருபது நிமிடம் சண்டை. வீண் சண்டை. எழுதியவர் மனசில் என்ன இருந்தது என்பதை மன்னார்குடிச் சாலையில் உட்கார்ந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. நோக்கத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் கூட்டத்தை நடத்துகிறவர் கையைத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும்.

"ரஜினியே கறுப்புதானே"

எதிர்வாதம் வலுவாகவே வந்தது. விதைக்கடை வைத்திருப்பவர் சொன்னார்: "ரஜினியே கறுப்புதானே சார்? அவரே தன்னைக் கிண்டல் பண்ணிக்கிறாரே. இதுல யாரு மேல தப்பு?" பின்னாலிருந்து ஒரு குரல் வடிவேலுவைச் சேர்த்தது. இன்னொருவர் நடுவர் ஐயாவே நடித்திருக்கிறார், தப்பாக இருந்தால் நடித்திருப்பாரா என்றார். மூன்றாவதற்குப் பதில் தேவையில்லை. பெரிய மனிதர் இருக்கிறார் என்பதால் காட்சி சுத்தமாகிவிடாது, அழுக்காகியும் விடாது. முதல் இரண்டுக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வாதம் நேர்மையானது.

இங்கேதான் ஒரே படத்தின் இரண்டு காட்சிகளை அருகருகே வைத்தது கைகொடுத்தது. நாயகனின் கறுப்பு கேலிக்கு ஆளாகும்போது அவர் அதற்கு ஏதோ செய்கிறார், பேசுகிறார், பாடுகிறார், கடைசியில் நாயகியும் கிடைக்கிறார். கேலி அவரைக் கடந்து போகிறது, அவர் முழு ஆளாக மிச்சமிருக்கிறார். அந்தப் பெண்களுக்கு நிறம்தான் பாத்திரம். அதற்கு வெளியே வேலை, கோபம், ஆசை எதுவும் அவர்களுக்கு எழுதப்படவில்லை. "சரி, அந்தப் பொண்ணுங்க வீட்டுக்குப் போனப்புறம் என்ன பேசியிருப்பாங்க?" என்று ஒரு மாணவி கேட்டார். யாரிடமும் பதில் இல்லை, ஏனென்றால் படத்திலும் இல்லை.

வடிவேலுவின் நகைச்சுவைக்கும் இதே அளவுகோலைப் போடலாம். அவர் தன் நிறத்தைக் கேலி செய்துகொள்ளும் பெரும்பாலான இடங்களில் கேலிக்குப் பிறகு வாயும் கையும் அவருக்கே இருக்கின்றன. அடி வாங்குவார், திரும்பிப் பேசுவார், பொய் சொல்வார், சமாளிப்பார். பார்ப்பவர் அவரோடுதான் நிற்கிறார். அதனால் அந்தக் கேலி முழுக்க அப்பாவி என்று ஆகிவிடாது. திரையில் அவர் தன்னைச் சொல்லிக்கொண்டது மறுநாள் பள்ளிக்கூடத்தில் வேறொரு பையன் மேல் பட்டப்பெயராக விழும். திரையில் சொன்னவருக்குக் கைதட்டு. வகுப்பில் கேட்டவனுக்கு 'அண்டங்காக்கா'. இந்த இரண்டாவது பயணத்தைப் பற்றிக் கூடத்தில் யாரும் சரியாகப் பேசவில்லை, நேரமும் இல்லை. அடுத்த அமர்வுக்குரிய விஷயம் அது.

கறுத்த நாயகனைத் தமிழ் சினிமா தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறது. கறுத்த நாயகியை அப்படிக் கொண்டாடியது அபூர்வம். நாளிதழ் மணமகள் தேவைப் பத்தியில் 'நல்ல நிறம்' என்று போட்டால் எந்த நிறம் என்று யாரும் கேட்பதில்லை. 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் தன் பெயரிலிருந்து வெள்ளையை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெட்டிக்கடையில் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

கண்ணாடியைத் திருப்பியபோது

டீக்குப் பிறகு 'படோசன்'. இந்தி புரியாது என்பதால் முன்கூட்டியே அரைப் பக்கத் தமிழ்க் குறிப்பு அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அது போதவில்லை, தாளைப் படிப்பதா, திரையைப் பார்ப்பதா? முன்னாலேயே வாய்வழியாகக் கதையைச் சொல்லிவிட்டுப் போட்டிருக்கலாம்.

ஆனாலும் காட்சி வேலை செய்தது. இந்தக் கூடத்தில் 'பிள்ளை' என்றால் யார்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நாயனத்துக்கு இன்னொரு பெயர் மாதிரி அந்தப் பெயர் இந்த மண்ணில் புழங்குகிறது. பிள்ளை என்கிற பாட்டு வாத்தியார் குடுமியை ஆட்டிக்கொண்டு, திக்கித் திணறித் தோற்பதைப் பார்க்கும்போது கூடம் இறுகியது. தாளில் பெரும்பாலும் 0. நாயனம் வாசிக்கிற குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "எங்க தாத்தா பேருக்குப் பின்னாலயும் பிள்ளைதான் தம்பி." யாரும் பதில் பேசவில்லை. இத்தனைக்கும் மெஹ்மூத்தின் நடிப்பு அபாரம், பாட்டும் அபாரம். திறமைக்கும் கேலிக்கும் சம்பந்தமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நன்றாக எடுக்கப்பட்ட கேலி நீண்ட நாள் வாழும், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் விளம்பரத்துக்கு அறிமுகமே வேண்டியிருக்கவில்லை. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலை பார்த்தவர் அல்லது பார்க்கிறவர். நடந்தது இது. விளம்பரத்துக்குக் கண்டனம் வந்ததும் சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் மன்னிப்புக் கேட்டன. அதைக் கண்டித்து அண்ணனும் தங்கையுமான இந்திய வம்சாவளிக் கலைஞர்கள் இருவர் கெட்ட வார்த்தையோடு ஒரு ராப் பாட்டு வெளியிட்டார்கள். காவல்துறை விசாரித்து நிபந்தனையுடன் எச்சரித்தது பாட்டுப் பாடியவர்களைத்தான். விளம்பரம் ரசனைக் குறைவானது, ஆனால் விதிமீறல் இல்லை என்று ஊடக ஆணையம் சொல்லிவிட்டது. சிரித்தவனை விட்டுவிட்டு, சிரிக்காதவன் கத்தியதைப் பிடித்தார்கள்.

பதினொரு வருடம் அங்கே கப்பல் பட்டறையில் இருந்துவிட்டுத் திரும்பியவர் கூடத்தில் இருந்தார். விளம்பரத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நான்காவது காட்சி, வடநாட்டுத் தொழிலாளியைக் கேலி செய்கிறது, அது ஓடும்போது முதலில் சிரித்துவிட்டுப் பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். குறிப்பெடுத்த பிள்ளைகள் தாளின் ஓரத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

விபத்து

நாற்று நடவுக்கும் அரிசி ஆலை மூட்டைக்கும் டெல்டாவில் இப்போது வங்காளம், பீகார் ஆட்கள் இல்லாமல் வேலை நடப்பதில்லை. ஏற்பாட்டாளர் ஒருவர் நல்ல எண்ணத்தில், பக்கத்து ஆலையில் வேலை பார்க்கும் பீகார் இளைஞர் இருவரையும் அழைத்திருந்தார். வந்தவர்களை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். அதுவே தப்பு. நான்காவது காட்சி முடிந்ததும் யாரோ எழுந்து, தெரிந்த இந்தியில், "உனக்குக் கோபம் வருதா?" என்று கேட்டுவிட்டார். முப்பது தலைகள் திரும்பின.

பெரியவன் சிரித்தான். "நஹி சார்" என்றான். கூடத்தில் ஒரு பக்கம் கைதட்டல். "பாத்தீங்களா, அவனுக்கே கோபம் இல்ல, நமக்கென்ன?" என்றார் விதைக்கடைக்காரர்.

மூன்றாவது வரிசையில் ஆலை முதலாளி உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பையன் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? சம்பளம் அவர் கையில், தங்குகிற கொட்டகை அவர் இடத்தில். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவி, ஆட்கள் பயந்து ரயிலேறிய ஞாபகம் அவனுக்கும் இருக்கும், முதலாளிக்கும் இருக்கும். முப்பது தமிழர் நடுவில் இரண்டு பேராக உட்கார்ந்து "ஆமா, கோபம்தான்" என்று எவன் சொல்வான்? சிங்கப்பூரில் கப்பல் பட்டறை மேஸ்திரி கேட்டிருந்தால் நம் ஆள் என்ன சொல்லியிருப்பார்?

இந்த விபத்து அமர்வின் பெரிய தோல்வி. அதிலிருந்துதான் அறிவிப்புத் தாளின் கேள்வியே கோணல் என்பதும் தெரிந்தது. "புண்பட்டதா?" என்று கேட்கும்போது சான்று தரும் பொறுப்பு கேலிக்கு ஆளானவர் தலையில் விழுகிறது. அவர் இல்லை என்றால் விஷயம் முடிந்தது. ஆமாம் என்றால் தொட்டாற்சிணுங்கி என்று பெயர். இரண்டிலும் சிரித்தவருக்கு வேலை இல்லை. கேள்வியைச் சிரித்தவர் பக்கம் திருப்ப வேண்டும்: இதற்குச் சிரிக்க நீங்கள் முன்கூட்டி எதை நம்பியிருக்க வேண்டும்? கேலிக்கு ஆளானவருக்கு அடுத்த காட்சி இருக்கிறதா? இந்த இரண்டும் போதும். யாரும் யாருக்காகவும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

கேலிக்கு ஆளாகும் சமூகத்தவரை அழைப்பதே கூடாதா என்றால், அழைக்கலாம். பார்வையாளராக, நடு வரிசையில், நாலைந்து பேராக, முதலாளி இல்லாத நாளில். பேச விரும்பினால் பேசட்டும். அவர்களிடம் மட்டும் தனியாகக் கேள்வி கேட்கக் கூடாது என்பதை நடத்துகிறவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சட்டம் எதுவரை வரும்

"இதெல்லாம் சென்சார் பாத்துக்க மாட்டாங்களா?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும், அன்றும் வந்தது. 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் 5பி பிரிவின் கீழ் 1991 டிசம்பரில் வெளியான வழிகாட்டுதல்களில், இன, மத, பிற குழுக்களை இழிவுபடுத்தும் காட்சியோ சொல்லோ இடம்பெறக் கூடாது என்று இருக்கிறது. படத்தை முழுமையாக வைத்து, அதன் ஒட்டுமொத்த விளைவைப் பார்க்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. முதலாவதை மட்டும் படிப்பவர் தடை கேட்பார். இரண்டாவதை மட்டும் படிப்பவர் எதையும் விட்டுவிடுவார்.

நடைமுறையில் தணிக்கையின் கண்ணில் படுவது சொல். காட்சியின் அமைப்பு படாது. வட இந்தியத் தொழிலாளி ஒருவரைக் கதைக்குள் வைத்திருந்த 'வடக்கன்' படம் அந்தத் தலைப்புக்கு அனுமதி கிடைக்காமல் 2024-இல் 'ரயில்' என்று வெளியானது. பானிபூரிக் கேலிகளுக்குத் தடை ஒன்றும் இல்லை.

உதவக்கூடிய ஒரு தீர்ப்பு உண்டு. 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்கிறது என்று வந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று ஒரு வேறுபாட்டைச் சொன்னது. குறைபாட்டைப் பற்றிய புரிதலை வளர்க்கிற நகைச்சுவை வேறு, அந்த ஆளையே குறைத்து முடமாக்குகிற நகைச்சுவை வேறு. வழக்கு இனத்தைப் பற்றியது இல்லை. ஆனாலும் விவாதக் கூடத்துக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தும். தடை பற்றிய பேச்சை விட்டுக் காட்சியின் வேலை பற்றிய பேச்சுக்குக் கொண்டுவரும். தடை வேண்டுமா என்கிற கேள்வியை அன்று எடுத்திருந்தால் இரவு ஒன்பது மணிக் கடைசிப் பேருந்தை எல்லாரும் தவறவிட்டிருப்பார்கள்.

சொற்களைப் பற்றியும் ஒன்று. 'இனவாதமா, நிறவாதமா, சாதியா' என்று அகராதிச் சண்டை நடுவில் கால் மணி நேரத்தைத் தின்றது. நம் ஊரில் கறுப்பு என்று சொல்லிச் சாதியைக் குறிப்பதும், வடக்கன் என்று சொல்லி வறுமையைக் கேலி செய்வதும் சகஜம், பிரித்தெடுக்க முடியாது. "பிறப்போடு வந்த, மாற்ற முடியாத ஒன்றை வைத்துச் செய்யும் கேலி" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்கினால் போதும்.

சீட்டுகள்

கடைசியில் சீட்டுகளைப் பிரித்து வாசித்தார்கள். சிரித்த இடத்தில் பலரும் எழுதியிருந்தது முகம் வந்த அந்தக் கட்டத்தையே. நின்ற இடத்தில் சிலர் ஒன்றும் எழுதவில்லை. ஒருவர், "பேரைக் கேட்டதும்" என்று எழுதியிருந்தார். தமிழாசிரியையின் கையெழுத்து என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஒன்றில், "என் பொண்ணு பக்கத்துல இருந்தா, அவ சிரிக்கல, அப்ப நின்னுச்சு" என்று பென்சில் அழுத்தி எழுதியிருந்தது.

இரண்டு சீட்டுகள் நாலாக மடித்தபடி வெறுமையாக வந்தன. முன் வரிசையில் கொடுத்தவை. தமிழில் அச்சடித்த சீட்டு. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, யாரும் படித்துச் சொல்லவும் இல்லை. அடுத்த அமர்வுக்கு இந்தியிலும் வங்காளத்திலும் பத்துப் பத்து அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆலை முதலாளியை வேறு நாளில் கூப்பிடுவதாகப் பேச்சு.